பழைய எலெக்ட்ரானிக் அக்கார்டியன்களில் எதை வாங்கலாம்? முதலில் துருத்தியைப் பாருங்கள்

கார்டோவாக்ஸ், எலெக்ட்ரோனியம், ட்ரான்சிகார்டு, எல்காவாக்ஸ். 1950-களிலிருந்து 1980-கள் வரை வந்த இந்த எலெக்ட்ரானிக் அக்கார்டியன்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயரையும் விலையையும் பார்க்கிறார்கள், அப்புறம் எத்தனை சுவிட்ச் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டியில் துருத்திக்கு என்ன வேலை? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு அக்கார்டியனில் சத்தம் எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று போகிறது, ரீடு அதிர்கிறது. ஆனால் நம் கை ஆர்மோனியத்தில் வெளித்துருத்தி அடிக்கும் காற்று உள்ளே இருக்கும் இன்னொரு துருத்திக்குப் போய், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சமமாகி, அப்புறம்தான் ரீடுக்கு வந்து சேர்கிறது. அக்கார்டியனில் அந்த இடைத்தங்கல் கிடையாது. இடது கையின் இழுப்பும் தள்ளலும் நேராக ரீடில் போய் விழும். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடியே ஒலியை மெல்லத் தொடங்கலாம், வளர்க்கலாம், நடுங்க வைக்கலாம், அடக்கலாம். வயலின்காரருக்கு வில் எப்படியோ அப்படித்தான் அக்கார்டியன்காரருக்குத் துருத்தி. வியன்னாவில் சிரில் டெமியான் 1829-இல் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து மின்சாரம் வரும்வரை இதில் மாற்றம் இல்லை.

மின்சாரம் வந்ததும் ஒலிக்குக் காற்று தேவையில்லை என்றாகிவிட்டது. அப்படியானால் துருத்தியை என்ன செய்வது? ஒவ்வொரு கம்பெனியும் இந்த இடத்தில்தான் தன் வழியைத் தேர்ந்துகொண்டது.

கார்டோவாக்ஸ்: துருத்தி ரீடுக்கு மட்டும்

இதில் அதிகம் பேசப்படுவதும், சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் கார்டோவாக்ஸ்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் அக்கார்டியன் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தன. கல்யாண வீடுகளிலும் கிளப்புகளிலும் வாசிப்பவர்களுக்கு நல்ல பிழைப்பு இருந்தது. 1950-களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் வந்து அதை ஆட்டம் காண வைத்தது. கிதார் கேட்டார்கள், ஆர்கன் கேட்டார்கள். ஆர்கன் என்றால் அன்றைக்கு ஹேமண்ட். அதன் பி-3 மாடல், உட்காரும் பெஞ்சும் கால் பெடல் வரிசையும் சேர்த்து 180 கிலோவுக்கு மேல் எடை. அதைத் தினம் ஒரு மண்டபத்துக்குத் தூக்கிப் போக முடியாது. எடை குறைந்த வாக்ஸ் கான்டினென்டல் 1962-இலும் ஃபார்ஃபிசா காம்பாக்ட் 1964-இலும்தான் வந்தன. இந்த இடைவெளியில், 1960-ஐ ஒட்டி வந்தது கார்டோவாக்ஸ்.

அதைக் கொண்டுவந்தது சிகாகோ மியூசிகல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி. லாவ்ரி ஆர்கன் அவர்களுடையது. கிப்சன் கிதார் கம்பெனியும் 1944-இலிருந்து அவர்கள் கையில்தான் இருந்தது. அக்கார்டியனைப் பின்னுக்குத் தள்ளிய கிதாரையும், அக்கார்டியன்காரரைக் காப்பாற்ற வந்த பெட்டியையும் ஒரே கம்பெனி விற்றது என்பது அந்தக் காலத்து வியாபாரத்தைப் பற்றி நிறையவே சொல்லும். பெட்டி இத்தாலியில் செய்த முழு அக்கார்டியன், ரீடு உட்பட எல்லாம் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் லாவ்ரியினுடையது.

வேலை செய்யும் முறை இதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மின்தொடர்பு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு பக்கம் ரீடுக்குக் காற்று போகும் வழி திறக்கும், இன்னொரு பக்கம் அந்தத் தொடர்பு ஒட்டும். இடது கை பட்டன்களுக்கும் இதே ஏற்பாடு. அங்கிருந்து மெல்லிய கம்பிகள் பல சேர்ந்த தடித்த கேபிள் ஒன்று தனிப் பெட்டிக்குப் போகும். ஆர்கன் ஒலி பிறப்பது அந்தத் தனிப் பெட்டியில்தான், அதை டோன் ஜெனரேட்டர் என்பார்கள். அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். ஒலியைக் கூட்டக் குறைக்கக் காலடியில் ஒரு பெடல். முதலில் வந்தவை வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்), பின்னால் வந்தவை டிரான்சிஸ்டர்.

இப்போது வாசிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். ரீடையும் ஆர்கனையும் சேர்த்துப் போட்டு, கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்துங்கள். முதலில் கேட்பது ‘டிக்’ என்று ஒரு சின்ன சத்தம், அது தொடர்பு ஒட்டும் ஒலி. கூடவே, இடைவெளியே இல்லாமல், புல்லாங்குழல் போன்ற ஆர்கன் ஒலி முழு அளவில் நிற்கும். ரீடு இன்னும் வந்திருக்காது. பெரிய ரீடு அதிரத் தொடங்கக் கணநேரமாவது எடுத்துக்கொள்ளும். அது எழுந்து ஆர்கனுக்குள் கரகரப்பாகக் கலக்கும்போதுதான் கார்டோவாக்ஸின் முழு ஒலி கிடைக்கிறது. மெதுவான வால்ட்ஸில் இது அவ்வளவு அழகாக இருக்கும். வேகமான போல்காவில் இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்.

ஆனால் இங்கே துருத்தி ரீடுக்கு மட்டும்தான். நீங்கள் எவ்வளவு மென்மையாக இழுத்தாலும் ஆர்கன் குறையாது. அது காலின் பேச்சைத்தான் கேட்கும். கையும் காலும் ஒரே மனசாக நடந்தால் ரீடு தேய்ந்து மறைய மறைய ஆர்கனை மேலே கொண்டுவரலாம். இதை நன்றாகப் பழகியவர்கள் செய்வதைக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போலத் தோன்றும். பழகாதவர்கள் கையில் ஆர்கன் எப்போதும் ஒரே மட்டத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஆர்கனை மட்டும் வாசிக்க வேண்டும் என்றால் துருத்தியை வாரால் பூட்டிவிட்டுக் காலை நம்பி வாசிக்க வேண்டியதுதான். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைத் தோளில் மாட்டி, நின்றபடி, ஒரு காலால் பெடலை ஆட்டுவது உடம்புக்கும் சுலபமில்லை.

சுருதி விஷயம் ஒன்று பலருக்கும் தோன்றுவதில்லை. ரீடின் சுருதியை மாற்ற அதன் உலோகத்தைச் சுரண்ட வேண்டும். ஆர்கனின் சுருதியை ஜெனரேட்டருக்குள் திருப்பி மாற்றலாம். அதனால் எப்போதும் ஆர்கனைத்தான் ரீடுக்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். பழைய அக்கார்டியனில் ரீடுகள் வெவ்வேறு அளவில் இறங்கியிருந்தால் எதற்கு இணை வைப்பது? ஆகவே சுருதி கெட்ட ரீடுள்ள கார்டோவாக்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் மலிவில்லை. ரீடைச் சரிசெய்யும் கூலி தனி, ஜெனரேட்டரைச் சரிசெய்யும் கூலி தனி. இரண்டையும் ஒரே ஆள் செய்வது அபூர்வம்.

எலெக்ட்ரோனியம்: துருத்தி ஒலிக்கே எஜமானன்

கார்டோவாக்ஸுக்குச் சுமார் 10 வருடம் முன்னாலேயே ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் இருந்த ஹோனர் கம்பெனி வேறு பதில் சொல்லியிருந்தது. 1857-இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1950-களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த எலெக்ட்ரோனியம் பார்ப்பதற்கு அசல் அக்கார்டியன். உள்ளே ரீடே கிடையாது. ஒலி முழுக்க வால்வுச் சுற்றிலிருந்து வருகிறது. ஆனால் துருத்தி சும்மா ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. இழுக்கும்போதும் தள்ளும்போதும் எழும் காற்றழுத்தம்தான் மின்ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. அக்கார்டியன்காரர் ஆயுள் முழுக்கப் பழகிய கை அப்படியே வேலைக்கு வருகிறது. கால் பெடலைத் தேட வேண்டாம்.

என் கணிப்பில் அந்தத் தலைமுறை வாத்தியங்களில் அக்கார்டியனை உண்மையில் புரிந்துகொண்டது இதுதான். ஒரு குறை மட்டும் பெரியது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். இரண்டு கட்டையை அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது, கிடையாது, தானே தனக்குப் பக்கவாத்தியம் வாசிக்க முடியாது. ஹோனர் நடத்தி வளர்த்த அக்கார்டியன் குழு வாசிப்பில் இதற்கு இடம் இருந்தது. பலர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் ஓபோ போலவோ டிரம்பெட் போலவோ ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம். தனியாக மேடையேறும் ஆளுக்கு அது போதவில்லை.

ஆனாலும் இதன் அருமையைக் கண்டவர்கள் இருந்தார்கள். 1960-களின் கடைசியில் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹௌசனின் குழுவில் ஹரால்ட் போயே வாசித்தது எலெக்ட்ரோனியம்தான். போல்காவும் வால்ட்ஸும் வாசிக்கச் செய்த பெட்டி நவீன இசையின் நடுவில் போய் உட்கார்ந்தது அதன் நெகிழ்வால்தான் என்று நான் நம்புகிறேன். தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ரேமண்ட் ஸ்காட் தானே இசையமைக்கும் ஒரு இயந்திரத்தைச் செய்து அதற்கும் எலெக்ட்ரோனியம் என்றுதான் பெயர் வைத்தார். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

துருத்தியே வேண்டாம் என்றவர்கள்

ஹோனரே 1960-களில் இன்னொரு பக்கம் போனது. எலெக்ட்ராவாக்ஸ் என்ற பெட்டியில் ரீடும் இல்லை, துருத்தியும் இல்லை. தோளில் மாட்டிக்கொள்ளும் ஆர்கன் என்று சொல்லலாம், இடது கைக்கு மட்டும் அக்கார்டியன் பட்டன்கள். இத்தாலியின் ஃபார்ஃபிசாவிடமிருந்து அதே காலகட்டத்தில் டிரான்சிஸ்டரில் ஓடும் ட்ரான்சிகார்டு வந்தது. ஃபார்ஃபிசா ஆர்கனின் அந்தக் கூர்மையான, கொஞ்சம் மூக்கால் பேசும் ஒலி பிடித்தவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

1960-களின் பாப் ஒலிதான் வேண்டும் என்றால் இந்த வகை மோசமில்லை. ஆனால் அதே ஒலி வெறும் கீபோர்டு வடிவில் கிடைக்கிறதே! அக்கார்டியன் பட்டன்களை விட்டால் விரல் வேலை செய்யாது என்பவருக்குத் தவிர மற்றவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பட்டன்களின் வசதியை ஆர்கன்காரர்களும் விட்டுவைக்கவில்லை. ஒரு பட்டனைத் தொட்டால் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் வசதி அது. ஹேமண்ட் 1950-இல் விட்ட கார்டு ஆர்கனின் இடது பக்கத்தில் இதே மாதிரி 96 பட்டன்கள். அக்கார்டியன் ஆர்கனாகப் பார்த்தது பாதிக் கதைதான், ஆர்கனும் அக்கார்டியனாகப் பார்த்தது.

காஸ்டெல்ஃபிடார்டோவின் கடைசிச் சுற்று

இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோ ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் விட்டுவிட்டு அக்கார்டியன் பேச முடியாது. பாவ்லோ சோப்ரானி அங்கே 1863-இல் பட்டறை போட்டதிலிருந்து அந்த மலையோர ஊர்களின் தொழிலே அதுதான். ஃபார்ஃபிசாவும் இங்கிருந்து வந்ததே. செட்டிமியோ சோப்ரானி, ஸ்காண்டல்லி, ஃப்ரொண்டாலினி என்ற மூன்று அக்கார்டியன் கம்பெனிகள் 1946-இல் ஒன்றுசேர்ந்து உருவானது. அக்கார்டியன் விற்பனை சரிந்தபோது இந்த ஊர்க்காரர்கள் எலெக்ட்ரானிக்ஸுக்கு மாறினார்கள். ஆர்கன், ஸ்டிரிங் மெஷின், கடைசியில் சிந்தசைசர் வரை செய்தார்கள். எல்கா கம்பெனியும் அந்த வழியில் வந்ததுதான்.

1970-களில் ஒரு சின்ன சிப்பே மேல் ஸ்தாயியின் 12 ஸ்வரங்களையும் ஒரே அலையிலிருந்து பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை 12 ஸ்வரத்துக்கும் தனித்தனிச் சுற்று, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருதி விலகும். சிப் வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று, பெட்டியும் சிறுத்தது. எல்காவாக்ஸ் வரிசையும், ஃபார்ஃபிசாவின் சிந்தக்கார்டியனும் இந்தக் காலத்தவை. ஸ்டிரிங்ஸ், பித்தளை வாத்திய ஒலி, தானாக ஓடும் தாளம் என்று ஒருவரே ஒரு குழுவாக நிற்கலாம். கல்யாணக் கச்சேரிக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

எனக்கு இவற்றின் மேல் மரியாதை உண்டு, ஆசை கொஞ்சம் குறைவு. தாளமும் பக்கவாத்தியமும் அந்தக் காலத்துக்கே உரியவை, இன்று கேட்டால் சலிக்கும். சிப் செத்துப்போனால் மாற்று கிடைப்பது கஷ்டம். 1960-களின் வால்வையோ டிரான்சிஸ்டரையோ மாற்றிவிடலாம், 1978-இன் சிப்புக்கு இன்னொரு பழைய பெட்டியை உடைக்க வேண்டியிருக்கும்.

புதிதையும் தட்டில் வைக்க வேண்டும்

பழையது வேண்டும் என்று கிளம்பியவர்களிடமும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1983-இல் மிடி (எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி) வந்த பிறகு நல்ல ரீடு அக்கார்டியனுக்குள்ளேயே சென்சார்களைப் பொருத்தும் வழி வந்தது. கட்டைக்கு ஒரு காந்தம், எதிரே அதை உணரும் சென்சார். தடித்த கேபிள் போயிற்று. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரையும் வைத்தால் இழுப்புக்கு ஏற்ப வெளி ஒலியும் ஏறி இறங்கும். மிடியில் அந்த அளவு 128 படிகளாகத்தான் போகும். மிக மெதுவாகக் கரையும் ஒலியில் கூர்ந்து கேட்பவர்களுக்கு அந்தப் படிகள் சில சமயம் தெரியும்.

2004-இல் ரோலண்ட் வி-அக்கார்டியனை விட்டது. ரீடு இல்லை, ஒலி முழுக்க டிஜிட்டல், துருத்தியில் அழுத்த சென்சார். துருத்தி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைக்கூட வாசிப்பவர் திருகி மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வந்த சில மாடல்களில் ஸ்பீக்கரும் பேட்டரியும் உள்ளேயே. யோசித்துப் பார்த்தால் இது எலெக்ட்ரோனியத்தின் எண்ணம்தான், இந்த முறை கார்டும் வாசிக்கலாம். துருத்திக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இடையில் வந்தவர்கள் ஒலி வகைகளைக் கூட்டுவதில் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் காட்டியிருந்தால் அக்கார்டியனின் கதை வேறாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சரி, யாருக்கு எது?

வாரத்துக்கு இரண்டு கச்சேரி, ஒலி பிசகாமல் வர வேண்டும் என்றால் பழையது எதையும் வாங்காதீர்கள். வி-அக்கார்டியனோ மிடி பொருத்திய ரீடு அக்கார்டியனோ போதும். இரண்டில் நான் மிடி பொருத்தியதைத்தான் எடுப்பேன். மின்சாரம் போனாலும் வாத்தியம் கையில் இருக்கும்.

ஸ்டுடியோவில் பதிவு செய்பவருக்கு, ரீடும் ஆர்கனும் ஒன்றாகக் குழைந்த அந்த 1960-களின் ஒலி வேண்டும் என்றால் கார்டோவாக்ஸுக்கு மாற்றே இல்லை. பதிவு செய்துவைத்த ஒலித்துண்டான சாம்பிளில் கேட்பது கிட்ட வரும், ஆனால் அந்த ‘டிக்’ ஒலிக்கும் ரீடு எழுவதற்கும் இடையே உள்ள இழை வராது. டிரான்சிஸ்டர் மாடலைத் தேடுங்கள். வால்வு மாடலின் ஒலி கனம்தான், பெட்டியும் கனம். அதைவிட முக்கியம், வால்வுச் சுற்றுக்குள் உயர் மின்னழுத்தம் ஓடும். தெரியாதவர்கள் திறந்து கைவைக்கக் கூடாது.

ஒரே வரியை உருகி உருகி வாசிக்க ஆசைப்படுபவர், அல்லது இந்த வரலாற்றின் நல்ல சாட்சி ஒன்றை வீட்டில் வைத்து வாசிக்க நினைப்பவர், எலெக்ட்ரோனியத்துக்குக் காத்திருக்கலாம். கமகமாக இழைத்து வாசிக்கலாமா என்று கேட்டால், முடியாது. கட்டை வாத்தியத்தின் எல்லை அதற்கும் உண்டு. ஆனால் ஒரு ஸ்வரத்தின் உள்ளே ஒலியை ஏற்றி இறக்குவதில் கார்டோவாக்ஸின் ஆர்கன் பக்கம் இதன் கிட்டவே வர முடியாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். முதலில் மின்சாரத்தைப் போடாமல் துருத்தியை மட்டும் இழுத்துப் பாருங்கள். கட்டை எதையும் அழுத்தாமலே அது சுலபமாக விரிந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ரீடுத் தகடுகளை மரச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் மெழுகு வருடங்கள் போகப் போக வெடித்து உதிரும். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து அதைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் மின்சாரம். சத்தமே வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், அது பல நேரம் ஒரு ஃபியூஸோ கெப்பாசிட்டரோதான். அங்கங்கே ஒரு கட்டை வேலை செய்யவில்லை, அழுத்தினால் கரகர என்கிறது என்றால் தொடர்புகளில் ஆக்சைடு படிந்திருக்கும், சுத்தம் செய்தால் போய்விடும். ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் சேர்ந்தே இல்லை என்றால் மட்டும் கோளாறு ஜெனரேட்டரில். கீழ் ஸ்தாயிகள் எல்லாம் மேல் ஸ்தாயியின் அலையைப் பாதி பாதியாகப் பிரித்து எடுப்பவை, தாய்ச் சுற்று போனால் பிள்ளைகள் அத்தனையும் போகும்.

அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டிகள் 110 வோல்ட்டைச் சுற்றியுள்ள மின்சாரத்தில் ஓடுபவை. 230 வோல்ட் உள்ள ஊரில் இருப்பவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் சொருகினால் அன்றோடு முடிந்தது. பெட்டியோடு டோன் ஜெனரேட்டர், பெடல், அந்தத் தடித்த கேபிள் மூன்றும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிட்டே பணம் அனுப்புங்கள். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வேறு கிடைக்கும். பெடலும் சமாளிக்கலாம். கேபிள் இல்லாத கார்டோவாக்ஸை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அதன் பிளக்கில் உள்ள ஒவ்வொரு முனையும் எந்த ஸ்வரத்துக்கு என்று கண்டுபிடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவில் வேலை செய்யும் இன்னொரு பெட்டியையே வாங்கிவிடலாம்.